படுத்தால் ஒரு பிரசர், நின்றால் ஒரு பிரசர்

ஒரு சீக்கும் இல்லாத மனுசரைக் கட்டிலில் படுக்கவைத்து, அப்புறம் எழுப்பி நிற்கவைப்பதுதான் என் வேலை; கேட்கச் சுலபமாக இருக்கும், வந்து செய்து பார்த்தால்தான் தெரியும்.

கோயமுத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு அறை. அங்கே ஒரு லேடி டாக்டர் ஆராய்ச்சி செய்கிறார். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. நல்லபடியாக இருக்கிறவர்களை மட்டும்தான் பார்க்கிறார். நல்ல உடம்பு தன் பிரசரை எப்படிச் சமாளித்துக்கொள்கிறது, வயசு ஏற ஏற அது எப்படி மாறுகிறது, ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு ஒரு மாதிரியும் ஏன் இருக்கிறது, இதுதான் அவர் தேடுவது. வருகிறவர் பத்து நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மேடம் பிரசரும் நாடித்துடிப்பும் பார்ப்பார். அப்புறம் சட்டென்று எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்ப்பார். எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடுமாம். அதை உடம்பு எவ்வளவு வேகமாக மேலே அனுப்புகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறதாம்.

கையில் பிரசர் பார்க்கிற பட்டையைச் சுற்றுவதும், எழுந்தவர் தள்ளாடினால் தாங்கிப் பிடிப்பதும் என் பொறுப்பு. நான் ஆறாவதோடு நின்றவள். அந்நிய ஆண்களின் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிறவள். முதல் கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் பட்டை சுற்றினேன். படுத்திருக்கிறவர் கூரையைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன், மேடம் எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பார். பட்டையில் காற்று ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற கூட்டத்தில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு இதில் சொந்தமாக ஒரு வழக்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் காலையில் வாசலில் குனிந்து கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கேட்டைப் பிடித்து நின்றேன், சித்த நேரத்தில் சரியாகிவிட்டது. எனக்கு வயசுக்கு வந்ததிலிருந்தே இப்படி உண்டு. மாமியார் அதைப் பார்த்துவிட்டார். பெண்ணுக்கு இருக்கிற சீக்கை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். என் அப்பாவும் அம்மாவும் தாராபுரத்தில் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். ஒரு விசேஷ வீட்டில் இந்தப் பேச்சு அம்மாவின் காதிலேயே விழுந்தது. அன்றைக்குப் பந்தியில் உட்காராமல் போனவர்தான், அப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிரசவத்துக்கு நான்தான் அங்கே போனேன். குழந்தையோடு திரும்பக் கொண்டுவந்து விடும்போதுகூட அப்பா மட்டும்தான் வந்தார். என் மகள் ஓடி விளையாட ஆரம்பித்த பிறகும் அவளை அம்மா போனில்தான் பார்த்துவந்தார்.

மாமியார் மற்றபடி நல்லவர். நான் வேலைக்குப் போய்வர, குழந்தையை இடுப்பை விட்டு இறக்காமல் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அதனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவும் எனக்கு வராது. அம்மா எதையும் மறைக்கவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று மனசுக்குள் கிடந்தது.

பெரியவர் வந்தால் படுக்கக் கூடாது

எங்கள் அறைக்கு ஒரு குறை. துறைக்கே தலைவரான பெரிய டாக்டர் தன் அறைக்குப் போகச் சுருக்குவழி எங்கள் அறையின் குறுக்கேதான். அவர் பாவம், யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் நம் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்கோட்டுப் போட்ட பெரிய மனுசர் உள்ளே வருகிறபோது காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்? பஞ்சு மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்திருந்தார். அமைதியாகப் படுத்தார். பத்து நிமிஷம் முடியப் போகிற நேரத்தில் பெரிய டாக்டர் கதவைத் திறந்தார். மேஸ்திரி பட்டையோடு எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இரண்டாம் தடவையும் அப்படியே நடந்தது. மேடம் கட்டிலைச் சுற்றித் துணித் திரை போடச் சொன்னார். திரைக்குள் ஆள் தெரியாதே, எதற்கு எழ வேண்டும் என்று நானும் நினைத்தேன். ஆனால் மேஸ்திரி மில்லில் முதலாளியின் செருப்புச் சத்தத்தை வைத்தே எழுந்து பழகியவர். செருப்புச் சத்தம் கேட்டதும் திரைக்குள்ளேயே எழுந்து நின்றுகொண்டார். படுத்திருந்தால்தான் கணக்கு சரியாக வரும் என்று நான் சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னேன். அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. "ஏனுங்க அம்மணி, அவிய நிக்கறப்ப நான் படுத்துக் கெடந்தா எனக்குப் பிரசர் எச்சாத்தான் காட்டுமுங்க, நீங்க மொதல்ல நிக்கறதை எழுதிக்குங்க, படுக்கறதை அவிய ஊட்டுக்குப் போன பொறகு பாத்துக்கலாம்."

நல்லா இருக்குதுங்க

அதற்குப் பிறகு பெரிய டாக்டர் வெளித் தாழ்வாரத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் அடுத்து வந்த தொல்லைக்குத் திரையும் கிடையாது, சுற்றுவழியும் கிடையாது. எழுந்து நிற்கிறவரிடம் கிறுகிறுப்பாக இருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் ஒருவர் அக்கறையாகக் கேட்டால் இல்லை, நன்றாக இருக்கிறது என்றுதானே பதில் சொல்லி வளர்ந்திருக்கிறோம். அப்படித்தான் தாராபுரம் பக்கத்திலிருந்து மகனைப் பார்க்க வந்த ஒரு பெரியவரை மகன் இங்கே அழைத்துவந்தார். எழுபதைத் தாண்டிய விவசாயி. மருந்து மாத்திரை என்று எதுவும் தொட்டதில்லை. என் ஊர்ப்பக்கத்து ஆள் என்று எனக்கும் சந்தோஷம்.

வயசானவர்களுக்கு எழுந்து நின்றவுடன் நெஞ்சு சின்னப் பிள்ளைகள் போலச் சட்டென்று வேகமெடுக்காது, கொஞ்சம் நிதானமாகத்தான் எடுக்கும், பக்கத்திலேயே நில் என்று மேடம் சொல்லியிருந்தார். நின்றேன். அவர் எழுந்தார். கிறுகிறுப்பா இருக்குதுங்களா என்றேன். நல்லா இருக்குதுங்க என்றார். நெற்றியில் வியர்வை அரும்பியது. மறுபடி கேட்டேன். வெகு நல்லா இருக்குதுங்க என்றார், சொல்லும்போதே என் தோள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் என் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் அவரைக் கட்டிப் பிடித்துக் கட்டிலில் சாய்த்தேன். காலுக்குத் தலையணை வைத்த பிறகு முகத்தில் களை வந்தது.

அப்புறம் விசாரித்தால், காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிறு என்று யாரும் சொல்லாமலே அவராக முடிவு செய்திருக்கிறார். மேடம் அவருக்கு இட்லி வாங்கிவரச் சொன்னார். என்னிடம், இனிமேல் வாயைக் கேட்காதே, முகத்தைப் பார் என்றார். பெரியவர் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, தலை சுற்றியதை ஏன் சொல்லவில்லை என்று கேட்ட மகனிடம் வருத்தத்தோடு சொன்னார். "அந்தப் புள்ளை அத்தனை மருவாதையாக் கேக்கறப்ப, நல்லா இல்லைன்னு சொல்லி எப்படிப்பா மனசை நோகடிக்கறது?"

ஐஸ் தண்ணீர்

சிலருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு போசிப் பாத்திரம் நிறைய ஐஸ் போட்ட தண்ணீர் வைத்திருப்போம். அதில் ஒரு நிமிஷம் கையை முக்கி வைக்க வேண்டும். குளிர் உறைக்கிறபோது பிரசர் எவ்வளவு ஏறுகிறது, கையை எடுத்தபின் எப்படி இறங்குகிறது என்று மேடம் பார்ப்பார். பல்லடத்திலிருந்து பவர்லூமில் வேலை செய்கிற இரண்டு பையன்கள் ஒன்றாக வந்திருந்தார்கள். முதல் பையன் கையை முக்கினதும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை ஆட்டினான். பக்கத்து நாற்காலியில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு அக்கா அதே மாதிரி போசியில் கையை வைத்துக்கொண்டு, பையனுக்கு எந்த ஊர், அம்மா அப்பா என்ன செய்கிறார்கள் என்று நிதானமாக விசாரித்துக்கொண்டிருந்தார். மாவு வாளியை வைக்கிற ஃபிரிட்ஜுக்குள் நாள் முழுக்கக் கையை விட்டுப் பழகியவராம்.

பேசிக்கொண்டிருந்தாலும் அக்காவுக்கும் பிரசர் ஏறத்தான் செய்தது. முகம் காட்டாததை மிஷின் காட்டியது. வெளியே தெரியவில்லை என்பதற்காக உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை என்று மேடம் எங்களுக்குச் சொன்னார். பையனுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மேல் எண் அந்த அக்காவைவிடக் கொஞ்சம் கூடுதல். சின்ன வயசில் ஆண்களுக்கு அப்படித்தான், அதுவும் நல்ல அளவுக்குள்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூடுதல் என்றால் நல்லதுதானே என்று இரண்டு தடவை கேட்டான். கூட வந்தவன் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான். "உடுங்க மேடம், எச்சா மார்க்கு வாங்கறது அவனுக்கு இதுதான் மொத வாட்டி."

யாரும் கேட்காத கேள்வி

பெண்கள் வந்தால் ஒரு கேள்வியை நான்தான் கேட்க வேண்டும். மாசமாசம் வருவது நின்றுவிட்டதா, நின்று எவ்வளவு நாளாயிற்று என்று. பெண்ணுடம்பில் பிரசர் நடந்துகொள்கிற விதம் அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்பதால் மேடத்துக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். மேடமே கேட்டால் பெண்கள் மிரண்டுபோகிறார்கள் என்று என்னிடம் விட்டுவிட்டார். எனக்கோ சொந்த அக்காவிடம்கூட இதைக் கேட்டுப் பழக்கமில்லை. காதருகே குனிந்து கிசுகிசுப்பேன். அவர்களும் கிசுகிசுப்பார்கள். பார்க்கிறவர்கள் ஏதோ களவாணித்தனம் பேசுகிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு நாள் ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலக் காதருகே குனிந்தேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ராத்திரியில் வியர்த்துக் கொட்டுவது, காரணமில்லாமல் கோபம் வருவது, நெஞ்சு படபடப்பது, எதற்கென்று தெரியாமல் குளியலறையில் நின்று அழுதது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்குப் பத்து நிமிஷம் படுத்திருக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தானாகவே கட்டிலில் சாய்ந்துகொண்டார். நான் பட்டையைச் சுற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நின்னு வருசக்கணக்காச்சு கண்ணு, எப்படி இருக்கறேன்னு கேட்ட மொத ஆளு நீதான்."

ஓடிப் பிடிக்கிற நெஞ்சு

இளவயசுப் பெண்கள் வரும்போதெல்லாம் எனக்கு வேலையில் கவனம் கூடிவிடும். மில் ஹாஸ்டலில் இருக்கிற பெண்கள், கல்லூரிப் பெண்கள், என்னைப் போலக் குழந்தை பெற்றவர்கள் எல்லோரும் வருவார்கள். பலருக்குப் படுத்திருக்கும்போது பிரசர் அடக்கமாக இருக்கும். எழுந்து நின்றதும் நாடித்துடிப்பு பையன்களைவிட வேகமாக எகிறும். ஹாஸ்டல் பெண் ஒருத்தி எழுந்தவுடன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சுவரைப் பிடிக்கக் கை நீட்டினாள். அந்தக் கை நீட்டல் எனக்கு நன்றாகத் தெரிந்த கை நீட்டல். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, சிரித்துக்கொண்டே போனாள். அவளுக்குச் சீக்கு என்று மேடம் எழுதவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பு.

கேட்கத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. ஆனால் மேடம் பார்த்துவிட்டார். கட்டிலுக்கடியில் விழுந்த பட்டையைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்றேன். தாராபுரத்துப் பெரியவர் மாதிரியே சொல்கிறாயே என்று சிரித்து, என்னையே கட்டிலில் படுக்கச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். படுக்கவைத்துப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். ரத்தம் குறைவா என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார், அதுவும் சரியாகவே இருந்தது. அப்போதுதான் மாமியார் சொல்வது, அம்மா பந்தியில் உட்காராமல் போனது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், இவ்வளவு பேச்சு என்னிடம் இருந்ததா என்று.

மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். உன் வயசில் நிறையப் பெண்களுக்கு எழுந்தவுடன் ரத்தம் காலில் கொஞ்சம் அதிகமாகத் தங்கும், அதை ஈடுகட்ட நெஞ்சு ஓடிப்போய்ப் பிடிக்கும், அது பிடிக்கிற வரைக்கும் கண் இருட்டும், அவ்வளவுதான். படுக்கையிலிருந்து துள்ளி எழாதே, முதலில் உட்காரு, அப்புறம் நில்லு, தண்ணீர் நிறையக் குடி, காலையில் சாப்பிடாமல் வேலைக்கு வராதே. மயக்கம் போட்டு விழுந்தாலோ படபடப்பு நிற்காமல் இருந்தாலோ உடனே வந்து சொல். இப்படி எல்லாம் சொல்லிவிட்டு என் தலையில் லேசாகத் தட்டினார். "பூங்கொடி, உங்கம்மா எதையும் மறைக்கலை, மறைக்கறதுக்கு உன் உடம்புல ஒண்ணுமே இல்லை."

சீக்கில்லாத உடம்பு

நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை மாமியாரிடம் சொன்னேன். சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். அவர்களிடம் வேலை பார்க்கிறவளுக்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று முடித்துவிட்டார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சமயத்தில் மேடத்தின் ஆராய்ச்சிக்கு ஐம்பதைத் தாண்டிய பெண்கள் போதவில்லை. ஆண்கள் வந்துவிடுகிறார்கள். பெண்களுக்கு அடுப்பு, பேரன் பேத்தி, மாடு, எதையும் விட்டுவர முடிவதில்லை. உன் வீட்டுப் பக்கம் யாராவது வருவார்களா என்று மேடம் கேட்டதை மாமியாரின் காதில் விழும்படி போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லேத் பட்டறையில் இருந்து, எனக்கென்ன தெரியும் என்றார். மாமியார்தான் எழுந்தார். நான் வாரேன் என்றார். சீக்கில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று அந்த மேடத்துக்கு ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறேன் என்றார். தலைவலி என்று ஒரு நாள் படுத்தவரில்லை, அது உண்மைதான்.

நல்ல புடவை கட்டிக்கொண்டு, மேடத்துக்கு ஒரு பை முருங்கைக்காயோடு வந்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். மருமகள் நிற்க மாமியார் படுப்பதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. ராணி மாதிரி படுத்தார். மேடம் எண்ணைப் பார்த்தார். பட்டையைக் கழற்றி மறுபடி சுற்றச் சொன்னார். அடுத்த கையில் பார்த்தார். இன்னும் கொஞ்சம் படுத்திருக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தார். எண்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அவை கூடுதல் என்று தெரிந்துவிட்டது. ஒரு தடவை பார்த்து எதையும் சொல்லக் கூடாது என்று மேடம் அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரமும் அதே உயரம். பிரசருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார். அவரும் பார்த்து, பிரசர் இருக்கிறது, மாத்திரை ஆரம்பிக்கலாம், உப்பைக் குறைக்க வேண்டும் என்றார். மேடத்தின் ஆராய்ச்சிக்கு மாமியாரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அது சீக்கில்லாதவர்களுக்கு மட்டும்.

மாமியார் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிச் சின்னதாக நான் பார்த்ததில்லை. தனக்கு ஒரு நாள்கூடத் தலை சுற்றியதில்லையே, தலை வலித்ததில்லையே என்று மேடத்தைக் கேட்டார். பிரசர் ஏறினால் பெரும்பாலும் எதுவும் தெரியாது, மாசமாசம் வருவது நின்ற பிறகு பெண்களுக்கு அது வேகமாக ஏறும், சின்ன வயசில் குறைவாக இருந்ததெல்லாம் அப்போது ஆண்களை எட்டிப் பிடித்துவிடும், இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை, இப்போதே தெரிந்தது நல்லது என்று மேடம் மெதுவாகச் சொன்னார். மாமியார் மேடத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அப்ப தலை சுத்தறவளுக்கு ஒண்ணுமில்லை, சுத்தாதவளுக்குத்தான் இருக்குதுங்களா?"

போத்தனூர் பஸ்

போத்தனூரில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் அவரை உட்காரவைத்தேன். மாத்திரைப் பையை முந்தானைக்குள் வைத்திருந்தார். பஸ் பாதி வழி வந்தது. அப்புறம், இதை வீட்டில் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். உறவில் தெரிந்தால் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள், குழந்தையை இவளிடம் எப்படி விடுவது என்று கேட்பார்கள், எனக்குப் பேத்தியை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்றார். மாத்திரையை யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்கிறேன், நீ மட்டும் சொல்லாமல் இரு என்றார். மறைப்பது என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் போல ஒரு நிமிஷம் இருந்தது. சொன்னால் யார் என்னைத் தப்பென்று சொல்ல முடியும்? ஆனால் அவருடைய கை என் கை மேல் இருந்தது. ஐஸ் தண்ணீரில் முக்கின கை மாதிரி ஜில்லென்று இருந்தது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், குழந்தையை உங்களிடம் தவிர யாரிடமும் விடவும் மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு நிறுத்தம் போனது, இன்னொரு நிறுத்தம் போனது. திடீரென்று, உங்கம்மாவுக்குப் போன் போட்டுக் கொடு என்றார். எனக்கு நெஞ்சு நான்கு பேர் எழுந்து நின்ற மாதிரி அடித்துக்கொண்டது. வேண்டாம் அத்தை, வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றேன். கொடு என்றார். அம்மா வெங்காயக் காட்டில் இருந்தார், பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. எத்தனையோ நாளாக ஒருவர் குரலை ஒருவர் கேட்காதவர்கள். அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, மாமியார் சொன்னது மட்டும் பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது. "சம்பந்தி, உங்க புள்ளை ஒடம்புல ஒரு கோளாறும் இல்லீங்க, நான் ஊரெல்லாம் சொன்னது தப்புங்க. பிரசர் எனக்குத்தான் இருக்குது, என்ர மகனுக்கே இன்னும் தெரியாது, உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். நோம்பிக்கு வந்து பேத்தியைத் தூக்கிக்குங்க."

இப்போது எங்கள் வீட்டில் மாமியார் உப்பில்லாமல் சாப்பிடுகிறார், நான் உட்கார்ந்து எழுகிறேன், அம்மா நோம்பித் திருவிழா முடிந்தும் ஊருக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், நீங்களும் ஒரு தடவை வந்து பிரசர் பாருங்கள் என்றால், ஆம்பளைக்கு எதற்கு இந்தப் பட்டையெல்லாம் என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.